தேனிலவுக்குப் போன மடியரிசி

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, இரண்டு வருஷம் முந்தி எனக்குக் கல்யாணம் ஆனது. மலாக்கா காஜா பேராங்கில் வாடகை வீடு, அரசாங்க அலுவலகத்தில் கிராணி என்கிற குமாஸ்தா உத்தியோகம், வயது இருபத்தாறு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருத்தனுக்கு எவ்வளவு மண்டைக்கனம் ஏறும் என்று நினைக்கிறீர்களோ, அதைவிடக் கொஞ்சம் கூடவே எனக்கு ஏறியிருந்தது.

தேனிலவு என்ற பேச்சே அப்போது எங்கள் பக்கம் கிடையாது. கல்யாணம் முடிந்தால் மறுவீடு போவோம், விருந்து சாப்பிடுவோம், திங்கட்கிழமை வேலைக்குப் போவோம். அவ்வளவுதான். நான் மட்டும் அலுவலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, புதுப் பெண்டாட்டியோடு வெளியூர் போயே தீருவது என்று முடிவு கட்டினேன். அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வேறு! முதல் பக்கத்தில் சொகுசு: பகாங் பக்கத்து மலை விடுதியில் நான்கு நாள், குளிர்காயக் கணப்பு, வெள்ளை விரிப்பு. அடுத்த பக்கத்தில் சாகசம்: ஆற்றில் படகு, காட்டு வழியே அருவி வரை நடை. அதற்கும் அடுத்ததில் ஊர்ப் பண்பாடு: கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்தில் சிலாட் சண்டைக்கலை பார்ப்பது, அவர்கள் வீட்டு வழக்கங்களைக் கேட்டு எழுதிக்கொள்வது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் பட்டாளமும் சுட்டுக்கொண்டிருந்த நாள்கள் அவை. அந்தக் காட்டில் நான் அருவி பார்க்கப் புறப்பட்டேன். அறிவு கெட்டவன்.

வாடகைக் காடி ஓட்ட வந்தவர் எங்கள் பக்கத்துச் சிட்டிக்காரர், நாற்பது வயது இருக்கும். தமிழ் வம்சம்தான், ஆனால் பேச்செல்லாம் மலாய். கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு வாசலில் நின்று, "பெராஸ் ஜாங்ஙான் பாவா" என்று இரண்டு தடவை சொன்னார். அரிசி கொண்டுவராதே என்று அர்த்தம். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று சடக்கில், அதாவது ரோட்டில், அரிசி கொண்டுபோக சர்க்கார் தடை போட்டிருந்தது. மலாக்காவில் அந்தத் தடையெல்லாம் ஏற்கெனவே நீக்கியாகிவிட்டது. அதனால் எங்களுக்கு அது மறந்தே போயிருந்தது. எல்லை தாண்டினால் அப்படி இல்லை. நான் சிரித்தேன். விடுதியில் வெள்ளைக்காரச் சாப்பாடு சாப்பிடப் போகிறவனுக்கு அரிசி எதற்கு என்று கேட்டேன். பெண்டாட்டியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் மலாக்காவிலேயே தெங்கேராப் பெண். கல்யாணமாகி மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போனோம். அங்கிருந்தே நேராக மலைக்குக் கிளம்புவது என்பது என் ஏற்பாடு. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மறுவீட்டிலிருந்து பெண் கிளம்பும்போது தாய் அவள் மடியில் அரிசி, மஞ்சள், தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்து நிறைப்பாள். அந்த அரிசியை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போய், புருஷன் வீட்டு அடுப்பில் முதல் உலையில் போட வேண்டும். நடுவில் யாருக்கும் கொடுக்கக் கூடாது, எங்கும் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. எல்லாப் பெண்களும் மறுவீட்டிலிருந்து நேரே புருஷன் வீட்டுக்குத்தானே போவார்கள்? அரை மணி நேரத்தில் அரிசி உலைக்குப் போய்விடும். என் புண்ணியத்தில் அது தேனிலவுக்குக் கிளம்பியது. மாமியார் உள்ளே மடி நிறைத்தபோது நான் வாசலில் நின்று பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஊரான் வீட்டு வழக்கத்துக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியவன், என் மாமியார் வீட்டு வழக்கம் என்னவென்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லை தாண்டியதும் சடக்குத் தடுப்பு. துப்பாக்கியோடு மாத்தா மாத்தா என்கிற போலீஸ்காரர்கள் நாலைந்து பேர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர். சாப்பாட்டுச் சாமான் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். "ஒன்றுமில்லை" என்று ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொன்னேன். பெண்களைச் சோதிக்கிற அம்மாள் என் மனைவியின் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள்.

அங்கே ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் இருந்தார். முடிச்சைத் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்றார்.

ஐயோ, அந்த ஒரு நிமிஷம்! வேலை போச்சு, ஜெயில்தான் என்று எனக்குள் ஓடியது. பக்கத்தில் நிற்கிறவள் ஞாபகத்துக்கே வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. அது அவங்க பெட்டி."

மூன்று நாளுக்கு முன் தாலி கட்டியவளை, யாரோ வழியில் ஏறிக்கொண்டவளைப் போல 'அவங்க' என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. போலீஸ்காரர் பக்கம் திரும்பி, "என்னுதுதான். எங்கம்மா மடியில கட்டிக் கொடுத்தது. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அரிசியை ஒரு சாக்கில் கொட்டினார்கள். அவளை லாரியில் ஏற்றினார்கள். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நீ போகலாம் என்றார்கள்.

சிட்டிக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னைப் போலீஸ் நிலையத்து வாசலில் இறக்கிவிட்டுக் காடியைத் திருப்பிக்கொண்டு போய், தெங்கேராவிலிருந்து என் மாமியாரை அழைத்து வந்தார்.

நான்கு நாள் அவள் உள்ளே இருந்தாள். மலை விடுதியில் நான் ஏற்பாடு செய்திருந்த அதே நான்கு நாள். மாமியார் தினமும் விடிந்ததும் நிலையத்துப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். காக்கிச் சட்டை போட்டவர் யார் கடந்தாலும் எழுந்து கும்பிட்டு, "நான்தான் சாமி கட்டிக் கொடுத்தேன். என்னைப் பிடிச்சு உள்ள வையுங்க, எம்மவள விடுங்க" என்பார். படிப்பில்லாத மனுஷி. அந்த வார்த்தையைத் தடுப்பில் நின்று சொல்ல வேண்டியவன் நான். பக்கத்தில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தத் தமிழ்ப் போலீஸ்காரர்தான் அதிகாரியிடம் வழக்கத்தை விளக்கிச் சொன்னார். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அவள் வெளியே வந்தபோது கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. உள்ளே வைக்கும்போது கயிறு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம், கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். உறைக்குள் நான் கட்டிய தாலி. அதை வாங்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும். நானே கட்டிக்கிறேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அம்மா வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்று, தன் கையாலேயே பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிறகு என்னோடு காஜா பேராங்குக்கு வந்து, கடையில் வாங்கிய அரிசியில் உலை வைத்தாள்.

நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தோம். மூன்று பிள்ளைகள். ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாலும் நான் வாய் திறப்பதற்குள், "நான் சொல்லிக்கிறேன்" என்று முன்னே வந்துவிடுவாள். ஒரு முறை தைரியத்தை வரவழைத்து, அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று ஆரம்பித்தேன். "அதை ஏன் இப்ப? சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்று எழுந்து போய்விட்டாள். ஒவ்வொரு ஆடியிலும் கயிறு மாற்றுவாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒரு தடவைகூட என்னிடம் நீட்டியதில்லை.

போன ஐப்பசியில் அவள் காலமானாள். சுமங்கலியாகப் போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் அவள் பின்கழுத்தில் இருந்த அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையால் போட்ட முடிச்சு அவள் கழுத்தில் இருந்தது மூன்றே நாள்தான். மிச்ச வருஷமெல்லாம் அவளாகப் பார்த்து எனக்குப் போட்ட பிச்சை என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்திருந்தது, இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.