நான் தூங்காத சினிமா

ஒரு சினிமாவின் முடிவை நான் கடைசியாக வெளியே சொன்னது என் ஒன்பதாவது வயதில். அதற்கப்புறம் இன்றுவரை சொன்னதில்லை. வீட்டில் யார் எந்தப் படம் பார்த்துவிட்டு வந்து என் காதில் போட்டாலும் கேட்டுக்கொள்வேன். என் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் பெயராது. "உங்ககிட்ட சொன்னா வெளிய போவாதுங்க அத்தை" என்று மருமகள் மெச்சிக்கொள்வாள். அவளுக்கு என்ன தெரியும், ஒரு காலத்தில் நான் எப்பேர்ப்பட்ட ஓட்டைவாய் என்று!

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கே நடக்கிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மண்ணெண்ணெய் கிடைக்காததை வைத்து நடப்பதாக நம்பினோம். அந்த வருஷம் பொம்மிடி ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் வந்து கூடாரம் அடித்தது. எங்கள் ஊரிலிருந்து மாட்டு வண்டியில் போனால் ஒன்றரை மணி நேரம். கூடாரம் வந்த சேதி கிடைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை.

எங்கள் வீடு என்றால் பெரியப்பா வீடு. அவரும் அப்பாவும் ஒன்றாகவே இருந்தார்கள். நிலம், மாடு, வண்டி எல்லாம் பெரியப்பா சொல்படி. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். காரணம் இல்லாமல் மாட்டைப் பூட்டக் கூடாது என்பார், அவ்வளவுதான். அப்பா, அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டார். அம்மா, மூத்தார் இருக்கும் பக்கம் தலைகூடக் காட்ட மாட்டாள். வாய் உள்ளவள் பெரியம்மா ஒருத்திதான். அவள் ஒரு வாரம் விடாமல் அரித்தெடுத்து, வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொள்ள உத்தரவு வாங்கிவிட்டாள். "அப்பிடி என்னாதான் கதைன்னு ஒருவாட்டி தெரிஞ்சிக்கினு வந்துடுங்க, போங்க" என்றார் பெரியப்பா. ஆக, வண்டி கட்டுவது கதையைத் தெரிந்துகொள்ள. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சினிமா பார்த்ததே கிடையாது. நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் கல்யாணமாகி வந்தவள். அதற்கப்புறம் அவள் போன தூரமெல்லாம் கொல்லைக்கும் கிணற்றுக்கும்தான். வெள்ளிக்கிழமை என்று முடிவானதும் கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். மறுநாளும் எடுத்துப் போட்டாள். "ஏன்டி, அது புடவையா வடகமா?" என்று பெரியம்மா கேலி செய்தாள். அம்மா சிரித்துக்கொண்டே மூன்றாம் நாளும் போட்டாள்.

இதற்கு நடுவில் புதன்கிழமை என் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. சேலத்தில் துணிக்கடையில் வேலை, சினிமா என்றால் உயிர். வந்த அன்றைக்கே என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். மணலில் உட்கார்ந்து, கண்ணை இமைத்தால் எதையாவது விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இமைக்காமல் பார்த்தேன். ஊரார் பேச்சைக் கேட்டு மனைவியை வீட்டைவிட்டுத் துரத்துகிறான் ஒருவன். அவள் எங்கேயோ ஒரு பெரிய வீட்டில் மாவரைத்துப் பிழைக்கிறாள். வருஷங்கள் போகின்றன. அவனுக்கு உண்மை தெரிகிறது. வண்டி கட்டிக்கொண்டு அவளைத் தேடி ஓடிவருகிறான். வந்து சேர்ந்தானா? அவள் அவனோடு போனாளா? கொட்டகை வாசலில் மாமா வாங்கிய பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க. நானும் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பட்டது போதும்.

திரும்பும் வழியில் மாமா சைக்கிளை நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கினார். "முடிவ மட்டும் யாருக்கும் சொல்லிடாத பாப்பா. பாக்கப் போறவங்க சோத்துல மண்ணப் போட்ட மாதிரி ஆயிடும்." மாமா தலையிலேயே கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவர் எண்பது வயதுவரை நன்றாக இருந்தார் என்றால் அது நிச்சயம் என் புண்ணியத்தால் இல்லை.

மறுநாள் காலையில் அப்பா கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்கினால் தண்ணீர் நிறைந்த சால் மேலே வரும்; இறங்கும்போது அதை இழுக்கிற வடத்தின்மேல் உட்கார்ந்து போவதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ராட்டினம். அப்பாவுக்கு முன்னால் நானும் தொற்றிக்கொண்டேன். அப்பா சினிமாவுக்குப் போகிறவர் இல்லை, அவரிடம் சொன்னால் சத்தியம் கெடாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு ஆரம்பித்தேன். மாடுகள் ஒருமுறை இறங்கினால் ஒரு சீன். அப்பா "உம்" கொட்டிக்கொண்டே வந்தார். முடிவைச் சொன்னபோது மாடுகளைச் சரிவின் அடியிலேயே நிறுத்திவிட்டார்.

"அப்பறம்?"

"அவ்ளோதாம்ப்பா. திரை வெள்ளையா ஆயிடுச்சு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெயில் இன்னும் ஏறவில்லை. இருந்தாலும் கவலை ஓட்டுகிறவருக்கு வேர்க்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவரிடம் சொல்லி ருசி கண்டுவிட்ட பிறகு நாக்கு சும்மா இருக்குமா? வாசலில் பெரியம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். "பெரிம்மா, கடைசில என்னாவுதுன்னா..." என்று ஆரம்பித்தேன். அவள் தட்டுகிற கட்டையை ஓங்கிவிட்டாள். "வாயத் தொறந்தீன்னா ஒரு உருண்டை புளிய வச்சி அடைச்சிடுவேன், பாத்துக்க!" அம்மா அதட்டவில்லை, என் வாய் அசைவதைப் பார்த்தாலே குடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். அன்று காலையில் மட்டும் நாலு நடை தண்ணீருக்குப் போனாள்.

மத்தியானம் பெரியப்பா களி சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்தில் அப்பா, எதிரில் மாமா. "என்னா பாப்பா, சினிமா பாத்தியாமே? என்னா கதை?" என்றார் பெரியப்பா. அவர் என்னைப் பொருட்டாக மதித்து ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவேனா? நடுக்கூடத்தில் நின்றுகொண்டு பாட்டு, அழுகை, அரைக்கிற பாவனை எல்லாம் சேர்த்து முதலிலிருந்து கடைசிவரை சொல்லித் தீர்த்தேன். மாமா கண்ணைக் கண்ணைக் காட்டினார். தூசி விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பெரியப்பா கடைசி வாயை விழுங்கிவிட்டு, "நல்ல கதைதான்" என்றார். அப்புறம் சொன்னார்: "செரி, கதைதான் தெரிஞ்சிபோச்சே. இனிமே நாளைக்கி வண்டி எதுக்கு? ராகி மூட்டைய ஏத்தி அனுப்பிடலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வேலை சுலபமாக முடிந்த சந்தோஷத்தில் சொன்னார்.

நான் சமையற்கட்டுக்கு ஓடினேன். அம்மா களிப்பானை முன்னால் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போயி வெளையாடு போ" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு எழுந்து கொல்லைப்புறம் போய், வெயிலில் கிடந்த கல்யாணப் புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. கூடாரம் அடுத்த வாரம் கிளம்பிவிடும். முடிவும் போயிற்று, வண்டியும் போயிற்று. தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பெரியம்மா லேசில் விடுகிறவளா? கையில் மோர்ச் சொம்போடு கூடத்துக்கு வந்தாள். "ஏங்க, இந்தப் புள்ள பேச்சயா நம்பறீங்க? இது பாதியிலயே தூங்கிடுச்சாம். மீதிய அதுவா கட்டிச் சொல்லுது." மாமா பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, தூங்குச்சா இல்லியா?"

மாமா ஒரு கணம் முழித்தார். "நல்லாத் தூங்கிடுச்சுங்க. தோள்ல போட்டுக்கினுதான் வந்தேன்."

"சைக்கிள்லயா?" என்றார் பெரியப்பா.

"தள்ளிக்கினு வந்தேனுங்க."

அடப் பாவிகளா! இமைக்காமல் பார்த்த என்னையா? என் அழுகை பட்டென்று நின்றுவிட்டது, ஆத்திரத்தில்.

பெரியப்பா விடவில்லை. "செரி, நீதான் முழுசாப் பாத்தியே. முடிவு என்னான்னு நீயே சொல்லிடு."

மாமா சட்டைப் பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நாஞ் சொல்லக் கூடாதுங்க பெரிய மாமா. பாருங்க, அச்சுலயே போட்டிருக்கான்."

பெரியப்பாவுக்கு அச்சில் வந்த எழுத்தென்றால் சாமி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் படித்ததைத் தட்ட மாட்டார். சாவடிச் சுவரில் சர்க்கார் ஒட்டுகிற நோட்டீஸ்கள் எல்லாம் 'பயிரிடுக', 'செலுத்துக' என்றுதான் முடியும். ஒருமுறை 'எலிகளை ஒழிக்க' என்று ஒட்டியிருந்தது. மேற்கொண்டு என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வந்து, மூன்று நாள் வீட்டில் ஒருவரையும் வேறு வேலை பார்க்கவிடவில்லை அவர். இப்போது பாட்டுப் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். "மீ...தி...யை... வெள்ளித்... திரையில்... கா...ண்க." ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். குரல் இறங்கிவிட்டது. "காண்கன்னுல்ல போட்டிருக்கான்!"

"ஆமாங்க."

"திரைய வெள்ளியிலயா போட்டிருக்கான்?"

"பாத்தா அப்பிடித்தான் இருக்குதுங்க" என்றார் மாமா.

இருந்தாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. என்னைப் பார்த்தார். "புள்ள அவ்ளோ கோர்வையா சொல்லுச்சே..." என்று இழுத்தார். அப்போதுதான், அண்ணன் முன்னால் வாயே திறக்காத என் அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. நெசத்தச் சொல்லு. நீ தூங்கிட்டியா?"

காலையில்தானே ஒரு சீன் விடாமல் இவரிடம் சொன்னோம்! தூங்கவில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. எவ்வளவு பெருமையாகப் பார்த்த படம்! சமையற்கட்டு வாசலில் அம்மாவின் நிழல் தெரிந்தது. பாதி மடித்த புடவை அவள் கையிலேயே இருந்தது.

"தூங்கிட்டம்ப்பா" என்றேன்.

அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய். காது இரண்டும் சுட்டது.

அப்பா தலையை ஆட்டினார். "அப்பன்னா இவளும் முடிவப் பாக்கலிங்கண்ணா. வண்டி போயிட்டு வரட்டும். இவளையும் ஏத்தி உட்டுடலாம்."

பெரியப்பா பாட்டுப் புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்தார். "காண்கன்னு வேற போட்டுட்டான்" என்று பெருமூச்சு விட்டார். "செரி, போயிக் கண்டுட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியில் வைக்கோல் பரப்பி, அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று ஏறிக்கொண்டார்கள். மாமா ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். மாட்டைப் பூட்டிய அப்பா, அம்மா ஏறும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "இத வச்சிக்க. கடைசில வேணும்." அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். புழுதிக்காகத் தருகிறார் என்று நான் நினைத்தேன்.

வழியில் அம்மாவின் காதில் மெதுவாகச் சொன்னேன், முடிவைச் சொன்னது தப்புதான் என்று. "நீ என்னா சொன்ன? அடுப்புச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே காதுல வுழல" என்றாள் அம்மா. அதையும் நம்பினேன். களி கிண்டி இறக்கிய பிறகு அடுப்பில் ஏது சத்தம்?

படம் முடிந்தபோது அந்தத் துண்டின் ஒரு முனை அம்மாவிடமும் மறுமுனை பெரியம்மாவிடமும் இருந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன். மறுநாள் பெரியப்பா, "முடிவு என்னா ஆச்சி?" என்று ஆசையாகக் கேட்டார். "நீங்களும் போயிக் காண்க" என்றாள் பெரியம்மா. ஒரு பெண் வாய் திறக்கவில்லை. கடைசியில் அடுத்த வாரம் கூடாரம் பிரிக்கிறதற்கு முந்தின ஆட்டத்துக்கு, பெரியப்பாவே மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். வந்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அப்பாவை ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் எனக்கு வெகுகாலம் இருந்தது. கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகும் இருந்தது. சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். கேட்காமலே அவர் போய்விட்டார். அவர் காரியம் எல்லாம் முடிந்து, அம்மாவுக்காக அவள் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணப் புடவைக்கு அடியில் அந்தத் துண்டு மடித்து வைத்திருந்தது. 'கடைசில வேணும்' என்ற குரல் அப்படியே காதில் விழுந்தது. கடைசியில் வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? பாட்டுப் புத்தகத்தில் முடிவு இல்லை. மாமா சொல்லவில்லை. சொன்னவள் நான்தான், கிணற்றடியில், வடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு. நான் தூங்கவில்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறார், அம்மா போகட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார், நான் சரியாகச் சொல்வேன் என்று நம்பிக் கேட்டிருக்கிறார். என் அப்பனே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்று பெட்டி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்தத் துண்டுதான் அப்போதும் உதவியது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? வண்டி நகர்ந்தபோது, வெறும் தோளோடு வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பாவம், எவ்வளவு லேசாக ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, வண்டிக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு ஆட்டியபடி போனேன்.