துலக்கிய பிரதியில் சின்ன மாமா

டிவிடி இறுவட்டின் உறையை மாமா உடனே பிரிக்கவில்லை. யன்னலோரம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்து, பின்பக்க எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். 'முழுமையான பிரதி, புதிதாகத் துலக்கப்பட்டது' என்றிருந்தது. "முழுசாம்" என்று மட்டும் சொன்னார். அவர் அம்மாவின் அண்ணன். வேலணையில் வீடியோக் கடை வைத்திருந்தவர். கடை போன பிறகும் பழைய படங்கள் அவரை விடவில்லை. எந்தப் படம் புதிதாக இறுவட்டில் வருகிறது, எதில் பாட்டை வெட்டிவிட்டார்கள், எதில் அகலத் திரைக்காகத் தலைகளை நறுக்கியிருக்கிறார்கள் என்று பல நாடுகளிலுமிருந்த ரசிகர்களுக்குக் கைபேசிக் குழுவொன்றில் செய்தி எழுதுவார். பெரும்பாலும் அவை எச்சரிக்கைகளாகவே இருக்கும்.

அன்று வந்த படம் வேறு மாதிரியானது. எங்கள் தீவுகளில் எடுக்கப்பட்டு, சில நாள் ஓடி, பிரதியே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட படம். கனடாவில் சில இளைஞர்கள் எங்கோ ஒரு சுருளைக் கண்டெடுத்து வெளியிட்டிருந்தார்கள். அதில் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு காட்சி உண்டு. வள்ளத்திலிருந்து இறங்கும் சனத்துக்குள் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமாவும் நின்றார் என்பது எங்கள் வீட்டுக் கதை. அவர் பின்னாளில் யாழ்ப்பாணம் போனவர், திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த புகைப்படங்களும் போய்விட்டன. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அவருடைய முகம் எனக்குத் தெரியாது.

சுருவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் படத்தைப் போட்டோம். இறங்குதுறை வந்தது. சனத்துக்கு நடுவே ஒரு இளைஞன் திரும்பிப் பார்த்தான். அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அண்ணை, தம்பி! தம்பியெல்லோ!" அவர் தொலைக்காட்சியைத் தொட்டுத் தொட்டு அழுதார். மாமா அழவில்லை. "திரும்பப் போடு" என்றார் என்னிடம். திரும்பத் திரும்பப் போட்டேன்.

"உவன் நிக்கிற தூரத்துக்கு இமை தெரியாது. பின்னாலை நிக்கிற கிழவனைப் பார். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கண். உது கமரா பிடிச்ச முகமில்லை, பிள்ளை" என்றார் மாமா.

அம்மா கேட்கவில்லை. அந்தக் காட்சியை நிறுத்தி, அதைக் கைபேசியில் படமெடுக்கும்படி என்னிடம் சொல்லி, பெருப்பித்துச் சட்டம் போட்டு, சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். மாமா வரும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஒருநாள் அம்மா வெடித்தார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கு அவன்ரை முகம் கிடைச்சிருக்கு. அதையும் ஏன் அண்ணை பறிக்கிறியள்?" மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். வயது போனால் சந்தேகமும் ஒரு நோயாகிவிடுமோ என்று எனக்கு அன்று தோன்றியது.

ஆனால் அவர் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்திருந்தார். படத்தை வெளியிட்டவர்களில் ஒருவன் எதையும் மறைக்கவில்லையாம். சுருள் பழுதாகியிருந்தது, தூரத்து முகங்கள் கரைந்துபோயிருந்தன, அவற்றைக் கணினியே ஊகித்து நிரப்பியது. மாமா கேட்டதற்கிணங்க, துலக்குவதற்கு முந்திய காட்சியை அப்படியே அனுப்பியிருந்தான்.

அதை அம்மாவுக்குக் காட்டியபோது நானும் இருந்தேன். கீறல்களும் பொட்டுப்பொட்டான கறைகளுமாக ஓடியது. முகமிருந்த இடத்தில் வெறும் வெளிறல். ஆனால் வள்ளத்திலிருந்து குதித்ததும் அந்த உருவம் இடது தோளை உயர்த்தி, உடுத்திருந்த சாரத்தை ஒரு கையால் சுருட்டிப் பிடித்து, அரை ஓட்டமாக நடந்தது. துலக்கிய பிரதியிலும் அதே நடை இருந்திருக்க வேண்டும். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓம். அவன்தான் அண்ணை."

"இதிலை ஒருத்தரும் கை வைக்கேல்லை" என்றார் மாமா. அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

மாமா இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. சட்டம் போட்ட படத்தை அம்மா தானாகவே கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அவருக்கு நினைவிலே ஒரு உண்மை முகம் இருக்கிறது, அது போதும். எனக்கு அப்படி ஒன்றில்லை. சின்ன மாமா என்று யாராவது சொன்னால், யாருடைய கண்ணென்றே தெரியாத கண்களோடு அந்த இளைஞன்தான் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். அவனை நான் நம்புவதில்லை. அழிக்கவும் ஏலாமல் இருக்கிறது.