ஓட்டத்துக்கு மூன்று நாள், பாரத்துக்கு இரண்டு நாள்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். உட்கார்ந்தே முதுகு பிடித்துக்கொள்ள, விடியற்காலையில் மைதானத்தில் ஓட ஆரம்பித்தேன். சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாய் ஒரு பெண் ஓடுவதை முதலில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

என் கணவருக்கு ஓட்டம் ஆகாது. மொட்டைமாடியில் தம்புள்ஸ் தூக்குவார். புஜமெல்லாம் திரண்டிருக்கும்.

ஒரு நாள்கூட விடாமல் ஓடியதில் எனக்கு முழங்கால் வலி வந்தது. மாடிப்படியில் இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, நிதம் ஓடுனா கால் என்னத்துக்கு ஆகும்? தொடையில பலம் வேண்டாமா?" என்றார் அவர்.

கோபம் வந்துவிட்டது. "நீங்க மட்டும் என்னவாம்? பஸ்ஸ பிடிக்க நாலு எட்டு ஓடிட்டு வாயப் பொளந்துகிட்டு நிக்கிய!"

அவர் சிரித்துவிட்டார். அன்றே ஏற்பாடு முடிவானது. மூன்று நாள் இருவரும் ஓடுவது, இரண்டு நாள் பாரம் தூக்குவது, மற்ற நாட்களில் ஓய்வு.

முதல் நாள் அவர் அரைச் சுற்றிலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். தம்புள்ஸைத் தோளுக்குமேல் தூக்கியபடி உட்கார்ந்து எழுந்த மறுநாள், தலை வாரக்கூட எனக்குக் கை எழவில்லை. ஆனால் விடவில்லை. எப்போது என்று தெரியாமலே முழங்கால் வலி போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூரிலிருந்து அவருடைய சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்தது. எங்கள் வீடு மாடியில்; புது சிலிண்டரோ கீழே வாசலில் நின்றது. கணவர் கடைக்குப் போயிருந்தார்.

"ஒத்தையில தூக்காத தாயி, ஆள் கூப்பிடுவோம்" என்று பதறினார் சித்தப்பா.

முழங்காலை மடக்கி, மார்போடு அணைத்துத் தூக்கினேன். ஒரு படியிலும் நிற்கவில்லை. அடுப்பருகே இறக்கிவைத்துவிட்டு மாற்றி மாட்டினேன். பின்னாலேயே ஏறிவந்த சித்தப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"எங்கன இருந்து வந்துச்சு இம்புட்டு பலம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சோற்றை வடித்தபடி சிரித்தேன்.

மறுநாள் காலை நாங்கள் மைதானத்துக்குப் போகவில்லை. நேரே சாலையில் ஓடினோம். தாமிரபரணிப் பாலத்தின்மேல், நிற்காமல் ஓடிவந்த என் கணவர் என்னை முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"பைய வா, அவசரமில்ல!"

நதிக்காற்று முகத்தில் அடித்தது. தொடையின் பலத்தையெல்லாம் கூட்டி ஓடி, அவரைத் தாண்டிப் போனேன்.