ஒற்றைக்கால் பச்சை

சவாயித் தீவின் வடகரையில் பஸ் ஓட்டும் பெசமினோவுக்கு ஒரு காலில்தான் பச்சை குத்தியிருக்கிறது. சமோவாவில் ஓர் ஆண்பிள்ளை இடுப்பிலிருந்து முழங்கால்வரை இண்டு இடுக்கு விடாமல் குத்திக்கொள்வான், அல்லது அந்தப் பக்கமே போகமாட்டான். இரண்டிலும் மரியாதைக்குக் குறைவில்லை. பாதியில் எழுந்து ஓடியவன்தான் கேவலம், அந்தப் பெயர் அவன் பிள்ளைகள் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். பெசமினோ ஓடியவன். முதுகும் இடது தொடையும் முடிந்த நிலையில், "ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லி எழுந்து, நேரே ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிவிட்டான். அப்போது வயது இருபத்திரண்டு, இப்போது முப்பத்தொன்பது.

அன்றிலிருந்து கடலில் குளித்தாலும் வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கித்தான் கட்டுவான். மற்றவன் கேலி செய்வதற்குள் தானே முந்திக்கொள்வது அவன் வழக்கம். மரப்பெட்டி மாதிரியான அவன் பஸ்ஸில், இடமில்லாமல் ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்ந்து போகும் கூட்டத்துக்கு அதுதான் தினமும் கச்சேரி.

"இந்த நாடே வலப்பக்கம் வண்டி ஓட்டிட்டிருந்துச்சு. ஒரே நாள்ல இடப்பக்கம்னு மாத்தினாங்க. என் பஸ் கதவு நடுரோட்டுப் பக்கமாத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் ஒரு வருஷம் டிசம்பர் முப்பதே வேண்டாம்னு தேதியையே விட்டுட்டாங்க. கவர்மெண்டே ஒரு முழு நாளை விட்டுட்டுப் போகுது. நான் ஒரு காலை விட்டா என்னவாம்?"

பஸ் குலுங்கிச் சிரிக்கும். கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும் இயாகோபோ மட்டும் ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பான்.

இயாகோபோ பெசமினோவின் பெரியப்பா மகன், ஒரு வயது மூத்தவன். இந்தப் பச்சையைத் தனியாகக் குத்திக்கொள்ளக் கூடாது, ஜோடி வேண்டும். ஒருவன் படுத்திருக்கும்போது மற்றவன் தலைமாட்டில் இருப்பான். அவனுடைய ஜோடிதான் பெசமினோ. இவன் ஓடிய பிறகும் இயாகோபோ பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியாகக் குத்தும் தொப்புள்வரை முடித்துவிட்டான். ஆனால் கடைசியில் இரண்டு பேர் தலையிலும் முட்டை உடைத்து, எண்ணெய் பூசி வாழ்த்துவார்களே, அதற்கு மட்டும் உட்காரமாட்டேன் என்றான். ஜோடி இல்லாமல் என்ன வாழ்த்து என்று தன் அப்பாவையே எதிர்த்துப் பேசினானாம். பதினேழு வருஷமாக விருந்துகளில் பச்சை குத்திய ஆண்கள் வரிசையாக நின்று பரிமாறும்போது அவன் அடுப்படியில் கிழங்கு வேகவைக்கும் சுடுகல்லைப் புரட்டிக்கொண்டிருப்பான். தன்னைப் பற்றி ஆயிரம் கேலி வைத்திருந்த பெசமினோவுக்கு இதைப் பற்றி ஒன்றுகூட வாயில் வரவில்லை. நினைத்தாலே வெட்கத்தில் கூசிப்போவான்.

அக்டோபர் மாதம் பிள்ளைகள் ஞாயிறு வந்தது. அன்றைக்குக் குழந்தைகள்தான் ராஜா, முதல் பந்தி அவர்களுக்கு, பெரியவர்கள் பரிமாற வேண்டும். பெசமினோ வெள்ளை வேட்டியில், சர்ச் வாசலிலிருந்து பந்திக்குச் சேப்பங்கிழங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வேட்டி தொடையோடு ஒட்டி, இடது கால் கன்னங்கரேல், வலது கால் உரித்த கிழங்கு என்று ஊருக்கே படம் காட்டியது. பெரியவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவனுடைய ஏழு வயது மகள் சினலேய் காலைப் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் கால்ல ஏன் இல்ல?"

"மை தீந்துபோச்சும்மா."

அவன் மனைவி ஃபுவதினோ பின்னாலிருந்து, "மையா தீந்துச்சு? மானம்னு சொல்லுங்க" என்றாள்.

திங்கள் விடுமுறை முடிந்து செவ்வாய் காலை சினலேய் பள்ளிக்கூடம் போக அப்பா பஸ்ஸில் ஏறினாள். நேரே கடைசி சீட்டுக்குப் போனாள்.

"பெரியப்பா, உங்க ரெண்டு கால்லயும் இருக்காமே. மை மிச்சம் இருக்கா? அப்பாவுக்குத் தீந்துபோச்சாம்."

பெசமினோ கியர் மாற்ற மறந்ததில் வண்டி இருமி நின்றது.

"இருக்கும்மா. அப்பாவை வரச் சொல்லு" என்றான் இயாகோபோ.

பிள்ளை கேட்டதற்குப் பிறகு எந்த முகத்தோடு மறுப்பது. அடுத்த வாரம் பெசமினோ பாயில் படுத்தான். பச்சை குத்தும் ஆசான் அவன் வலது தொடையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"அன்னைக்கு வந்தப்போ தோலும் எலும்புமா இருந்தே. இப்போ கொழுப்புதான் இருக்கு. வலி ரெண்டு மடங்குப்பா."

"ஒரு காலுக்கு ரெண்டு மடங்குன்னா கணக்குச் சரியாத்தான் வருது ஆசானே."

மையில் தோய்த்த, ஊசிமுனையான பன்றிப்பல் சீப்பை வைத்து அவர் முதல் தட்டுத் தட்டியதும் கேலி நின்றது. மூன்று நாள் தாங்கினான். நான்காம் நாள் முழங்காலின் பின்மடிப்பில் சீப்பு இறங்கியபோது உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணுக்குப் போகணும்."

காயத்துக்கு விசிறிக்கொண்டிருந்த இயாகோபோவும் உறவுக்காரர்களும் கையை நிறுத்தினார்கள். ஆசான் சீப்பைத் துடைத்து வைத்தார். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ரத்தம் கசியும் காலை இழுத்துக்கொண்டு ஈரப்பலா மரத்தடி வரைக்கும் போனான். ரோடு தெரிந்தது. பின்னாலேயே இயாகோபோ வந்து நின்றான்.

"போறதுன்னா போ. தடுக்கமாட்டேன்."

"அண்ணே, என்னால முடியல. நான் இப்படித்தான், பிறவிக் கோழை. உன்னையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

இயாகோபோ தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னைக்கு நானும் ஓடத்தான் இருந்தேன். விடிஞ்சதும் துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சிருந்தேன். மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பலாம்னு நெனச்சேன். நீ காலை பஸ்ஸுக்கே போயிட்டே. ஒரே குடும்பத்துல ரெண்டு பேரும் ஓடினா எங்கப்பா உயிரோட இருந்திருக்கமாட்டார். அதனாலதான் படுத்தேன். ஊர் என்னை வீரன்னுது. எந்த முகத்தோட முட்டை உடைக்க உக்காருவேன்?"

பெசமினோவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கத் தொடை எரிந்தது, எரிய எரிய அழுகையும் வந்தது.

"பதினேழு வருஷமா என்கிட்ட சொல்லாம இருந்தியேண்ணே."

"நீதான் உன்னைப் பத்தித் தைரியமா எல்லாத்தையும் சொல்லிட்டிருந்தே. எனக்கு அது வரலடா."

இருவரும் உள்ளே திரும்பினார்கள். பெசமினோ குப்புறப் படுத்தான். இயாகோபோ தலைமாட்டில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். சீப்பு மறுபடி இறங்கியபோது நடுங்கியது இயாகோபோவின் கை. பெசமினோ அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.