அடுக்களையில் விட்டுப்போன டின்

யுத்தகாலத்தில் ரேஷன் பெட்ரோலை மிச்சம் பிடித்து, திருட்டுக்குப் பயந்து, ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றி அடுக்களையிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் அதே மாதிரி டின்களில் குடிதண்ணீர் இருக்கும்.

சித்திரை மாதம் ஒருநாள் காலை தூத்துக்குடியிலிருந்து காரில் கிளம்பினேன். வெயிலில் ரேடியேட்டர் கொதித்தால் ஊற்றத் தண்ணீர் ஒரு டின், பெட்ரோல் ஒரு டின் என்று அவசரமாக ஏற்றிக்கொண்டேன். ஆறுமுகநேரி உப்பளத்தருகே பெட்ரோல் தீர்ந்தது. இரண்டாவது டின்னைத் திறந்தால் அதிலும் தண்ணீர்.

அப்படியானால் பெட்ரோல் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி உலை வைக்கும் நேரம். கைக்குழந்தையும் அங்கேதான் கிடக்கும்.

உப்பு லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, இப்படி நிக்கிய?" என்றார். காரை அங்கேயே விட்டுவிட்டு லாரியில் ஏறினேன். வழியெல்லாம் ஊர்ப்பக்கம் புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மனைவி குழந்தையோடு தெருவில் நின்றாள். "உலைக்குத் தண்ணி சாய்ச்சேன், ஒரே வாடை. அடுப்பப் பத்தவைக்காம வெளிய வந்துட்டேன்" என்றாள். தீப்பெட்டி அவள் கையிலேயே இருந்தது.

இப்போது பெட்ரோல் டின் கொல்லைக் கொட்டகையில், கழுத்தில் சிவப்புத் துணியோடு இருக்கிறது. கிளம்புமுன் காரில் ஏற்றியதை முகர்ந்து பார்ப்பேன். பிறகு அடுக்களைக்குப் போய், விட்டுச்செல்லும் டின்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பேன்.