சிறிய எழுத்தில் அச்சான குரல்

முதல் அடி விழுந்தது சனிக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு. நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அடி வாங்கியவன் எங்கள் பாடகர் குழுவில் பாஸ் என்ற அடிக்குரல் பாடுகிறவன். அடித்தவன் அவனுடைய தங்கை புருஷன், ரப்பர் பால் வெட்டுகிறவன். இடம், தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துக் கோயில், பலிபீடத்திலிருந்து ஐந்து எட்டு தூரம். காரணம் நான்.

ஏழு வருஷத்துக்கு முன் வெளிநாடு போன ஃபாதர் ஒருவர் ஒரு தடித்த புத்தகத்தை என்னிடம் விட்டுப்போனார். நாலு குரலுக்கு எழுதிய மிகப் பழைய திருப்பலி இசை. கையெழுத்துப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறிஞர்கள் அச்சிட்ட பதிப்பு அது. முன்பாதி இசை, பின்பாதி முழுக்க ஜெர்மன் மொழியில் குறிப்புகள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் எனக்கு ஜெர்மன் தெரியாது, இசைக்குறி வாசிக்கத் தெரியும். குழுவில் மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு குரலையும் டோ, ரே, மீ என்று தமிழ் எழுத்தில் கொப்பிகளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு புள்ளியைக்கூட விடவில்லை.

விடாததுதான் தப்பாயிற்று. கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்டதைப் பாடும் இடத்தில், டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலின் வரிக்கு மேலே சிறிய எழுத்தில் இன்னொரு வரி பதினோரு தாள அளவுக்கு ஓடியது. ஐந்தாவது குரல் என்று நினைத்து அதையும் எழுதினேன். பால் வெட்டுகிறவனுக்குக் கொடுத்தேன். அவன் குரலும் டெனர்களின் குரலும் மூன்று இடத்தில் தகரத்தைக் கிழிப்பதுபோல மோதும். அறைகிற இடம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினோம். அதைக் கேட்கத் தெஹியோவிட்டவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவனை அஞ்சாங்குரல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை, ஈஸ்டருக்குப் பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டினார்.

“இது அஞ்சாவது குரல் இல்லீங்க. ஒரு பிரதியில டெனர் பெரிய எழுத்துல உள்ள மாதிரி இருந்திருக்கு, இன்னொண்ணுல சின்ன எழுத்துல உள்ள மாதிரி. பதிப்பிச்சவங்க ரெண்டையும் காட்டியிருக்காங்க. ஒண்ணைத்தான் பாடணும்.”

பாஸ்காரன் சிரித்தான்.

“அப்ப ஏழு வருஷமா கள்ளக் குரலா மாப்ள? சரி, இனிமே வாய மூடிக்கிட்டு நில்லு.”

“மச்சான், சிரிக்காத.”

“ஊரே சிரிக்கப் போவுது. ஒன் பொண்டாட்டிகிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

அப்போதுதான் பால் வெட்டுகிறவன் அடித்தான். பாஸ்காரனின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவன் எழுந்து இவனுடைய கழுத்தைப் பிடித்தான். இரண்டு பெஞ்சுகள் சாய்ந்தன. ஆல்டோப் பெண்கள் சுவரோரம் ஒதுங்கிக் கத்தினார்கள். நாங்கள் மூவர் சேர்ந்து பிரித்தோம்.

பிரித்ததும் பால் வெட்டுகிறவன் என்னிடம் வந்தான். மூச்சு வாங்கியது.

“நீங்க சொல்லுங்க சேர். புத்தகத்துல இருக்கா இல்லியா?”

“இருக்கு. ஆனா சேர்த்துப் பாடுறதுக்கு இல்ல. பின்னால இருக்கிறத வாசிக்காம நான்தான் பிழையா எழுதிட்டேன்.”

என்னை அடிப்பான் என்று கண்ணை மூடினேன். பக்கத்தில் இருந்த அலுமாரிக் கண்ணாடியை வலது கையால் குத்தினான். பெருவிரலின் அடிப்பாகம் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. இரத்தம் விரித்திருந்த புத்தகத்தில் கொட்டி நாலு பக்கம் ஊறியது. த்ரீவீலில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாஸ்காரனின் உதட்டில் மூன்று தையல், பால் வெட்டுகிறவனின் கையில் பதினாலு. போகும் வழியில் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுவாரம் அவனுடைய லயத்துக்குப் போனேன்.

“ரெண்டுல ஒண்ணைத் தெரிஞ்செடுக்கலாம்னு மிஸ் சொல்றாங்க. ஒங்க வரியையே எடுப்போம். டெனர் எல்லாரும் அதைப் பாடட்டும்.”

“எல்லாருமா?”

“ஆமா.”

“அப்ப நான் எதுக்கு சேர்?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

அதனால் ஈஸ்டர் காலையில் டெனர்கள் பெரிய எழுத்து வரியைப் பாடினார்கள். அவன் குழுவில் இல்லை. பூசை தொடங்கியபின் வந்து, கட்டுப்போட்ட கையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சிலுவை வரி தொடங்கியதும் எழுந்து நின்றான். தொண்டை நரம்பு புடைக்க, கொப்பி இல்லாமல், தன் வரியைப் பாடினான். டெனர்கள் தடுமாறினார்கள். பாஸ்காரன் தைத்த உதட்டைத் திறந்து அவனை அமுக்கப் பார்த்தான். தையல் விட்டு நாடியில் இரத்தம் வழிந்தது. பூசை வைத்த ஃபாதர் திரும்பிப் பார்த்தார். மிஸ் என்னிடம் கையைக் காட்டினார், நிறுத்தச் சொல்லி.

தாளம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். பதினோரு அளவும் முடியும்வரை நான் கையை இறக்கவில்லை.