அப்பா ஓட்டிய கார்

தொண்ணூறுகளின் நடுவில், சிம்பாங் அம்பாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு அண்ணன் ஒரு தலைக்கவசம் கொண்டுவந்தார். கணினியோடு இணைத்து மாட்டிக்கொண்டால் கண்முன்னே வேறோர் உலகம் விரியும். நண்பர் விற்க நினைத்த பொருள். பிடித்தால் நாமே வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

முதலில் அப்பா அதை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தோட்டத்து மண்சாலை வளைவுகளில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியே பழகியவர். மலைப் பாதையில் கார் பந்தய விளையாட்டு தொடங்கியது. உடம்பை வளைத்து வளைத்து ஓட்டினார். திடீரென்று, “போதும் லா, நிறுத்து!” என்று கத்தினார். கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடிப்போய், வாசலில் இருந்த ரோஜாத் தொட்டியில் வாந்தி எடுத்தார்.

அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“லாரியில போயே வாந்தி எடுக்காத மனுசன், நாற்காலியில உட்கார்ந்து எடுக்கிறாரு. இத வாங்கி என்னடா செய்யப் போற?”

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. திருப்பிக் கொடுப்பதற்காக அண்ணன் அதைப் பெட்டியில் போட்டு மூடினார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய அப்பா, பெட்டியருகே தயங்கி நின்றார்.

“அந்த மலையத் தாண்டுனா என்ன இருக்குன்னு மட்டும் பாத்துடறேன்.”

அம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.